அவுக பங்கு

மூட்டுவலி, பிரஷர், சர்க்கரை என மூன்றுக்கும் மாத்திரை ஒழுங்காக விழுங்கியும் ராக்கம்மாளுக்குச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. இனி ஊசிதான் என்றார் டாக்டர். சின்னமனூருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் யுவராணி, ஒரு மதியம் அவள் வீட்டுக்கே போனாள்.

“சோறு எம்புட்டுச் சாப்பிடுறீக பெரியம்மா?”

“டாக்டர் சொன்ன மாதிரி ஒரு கரண்டிதான் ஆத்தா.”

“மனசுக்கு நல்லதுன்னு தினமும் பக்கத்துத் தெரு சங்கிலியம்மா வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிட்டிருக்கணும்னு சீட்டுல எழுதியிருந்தாரே, போனீகளா?”

“எங்கிட்டுப் போறது? வீட்டுல அவுகளுக்கு நேரத்துக்குச் சோறு வைக்கணும். கோவக்காரக.”

“ஒருநாள் அவுகளே போட்டுச் சாப்பிட்டா என்னவாம்?”

“நல்லாச் சொன்ன! தட்டைத் தொட்டு எடுத்த மனுசனா அவுக?”

ராக்கம்மாள் தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, உள்ளறைக்குக் கொண்டுபோனாள். அந்த மனிதரிடமே பேசிவிடலாம் என்று யுவராணியும் பின்னால் போனாள்.

சுவரில் மாலையிட்ட படம் இருந்தது. அதன் முன்னே தட்டை வைத்துக் கும்பிட்ட ராக்கம்மாள், சற்றுப் பொறுத்து அதை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

“இதையும் நீங்களா சாப்பிடுறீக?”

“அவுக தட்டுல மிச்சம் வைக்கலாமா? இது அவுக பங்கு ஆத்தா, என் கணக்குல வராது.”

யுவராணி தட்டைப் பிடித்துக்கொண்டாள். “சங்கிலியம்மாவுக்குச் சர்க்கரையில காலை எடுத்துட்டாக. பொங்கிப்போட ஆளில்ல. இந்தப் பங்கை அங்கன கொண்டுபோங்களேன்.”

ராக்கம்மாள் படத்தைப் பார்த்தாள்.

“அவ உப்பில்லைன்னு திட்டுவாளே?”

“திட்டுவாக.”

ராக்கம்மாள் எழுந்து தூக்குவாளியை எடுத்தாள்.

“திட்டட்டும். இவுக திட்டி ரெண்டு வருசமாச்சு.”