தோழிதான் என்பதற்கு ஆதாரம்

வசுமதி அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, மருந்து வாங்கத் தன் வங்கிக் கார்டை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். ஜெசிந்தா அதில் தனக்கு வளையல் வாங்கிக்கொண்டாள்.

புதிய சட்டப்படி, உற்ற தோழி எடுத்தால் அது திருட்டே அல்ல. அந்தத் தெம்பில் ஜெசிந்தா நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்றாள். "காலேஜிலேர்ந்து பழக்கம் ஐயா. அவ என் உயிரு."

நீதிபதி நீதிமன்றத்தின் சாட்சி இயந்திரத்தைக் கேட்டார். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வைத்திருக்கும் அது, ஜெசிந்தா தன் நாத்தனாரிடம் சிரித்துச் சிரித்துப் பேசியதை ஒலிக்கவிட்டது.

"அவளா? சரியான மக்கு. கொஞ்சம் இனிக்கப் பேசினா கார்டைத் தூக்கி நீட்டிடுவா."

இவள் தோழியே அல்ல என்று தீர்ப்பானது. பணம் திரும்பியது. ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் வசுமதியின் காதை விட்டுப் போகவில்லை.

வாசலில் ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள். "விளையாட்டுக்குச் சொன்னதுடி. என் கணக்கை முடக்கிட்டாங்க, பஸ்ஸுக்குக்கூடக் காசில்ல."

வசுமதி கையை உதறினாள். வந்து நின்ற பஸ்ஸின் நடத்துனரிடம் சில்லறையை நீட்டினாள்.

"அந்தம்மாவுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. யாருன்னு தெரியல, பாவம்."