ஒரு டிக்கெட் போதும்

“ஒரு டிக்கெட் கொடும்மா.”

கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவளுக்குப் பின்னால் அவள் கணவன் நின்றிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண் பிள்ளைகள். தலை வாரி, இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

“நாலு பேர் வந்திருக்கீங்களே?”

“வந்தது நாலு பேர். பார்க்கப் போறது நான் மட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு, தாய்க்காரி மட்டும் படம் பார்க்கிற கூத்தை இன்றைக்குத்தான் பார்ப்பதாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். புருஷன்காரனும் வாயைத் திறக்காமல் நிற்கிறானே என்று இன்னொரு பெண்மணி முணுமுணுத்தாள்.

அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

“பெரியவரே, உங்க பேரப் பிள்ளைங்களுக்கு நீங்க வாங்கிக் கொடுங்க. என் பிள்ளைங்க கதையை நான் பார்த்துக்கறேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

வாசலில் தொப்பி போட்ட சூப்பர்வைசர் நின்றிருந்தார். கடுகடுத்த முகம். டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது, வெளியே படிக்கட்டில் போய் உட்காருங்கள் என்று மற்ற மூவரையும் அனுப்பினார். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள்.

அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். கணவன் பஞ்சர் ஒட்டுகிறவன். ஒரு காலத்தில் மாதம் தவறாமல் குடும்பத்தோடு படம் பார்த்தவர்கள்தான். விலை ஏற ஏற, அது பள்ளிக்கூடம் லீவு விட்டால் மட்டும் என்று ஆனது. கடைசியாக ஒருமுறை கவுன்டர் வரைக்கும் வந்து, புது விலையைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்கள்.

பஸ்ஸில் சின்னவள் அழவில்லை. “பரவாயில்லம்மா” என்றாள். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

தியேட்டர்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதற்காக என் பிள்ளைகள் ஏன் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும்? நாலு டிக்கெட் வாங்கத்தானே முடியாது, ஒன்று வாங்கலாமே என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். ஒருவர் பார்த்துவிட்டு வந்து மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும்.

முதல் தடவை கணவன்தான் போனான். “ஒருத்தன் தப்பு பண்ணினான், இன்னொருத்தன் வந்து அடிச்சான், அவ்வளவுதான்” என்று முழுப் படத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். மகள்கள் இருவரும் சேர்ந்து அவனை அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாதான்.

படம் விட்டது. வழக்கமாக வீட்டுக்குப் போய்த்தான் கதை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. படிக்கட்டிலேயே அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“முதல்ல ஒரே இருட்டு. துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேக்குது...”

அவள் குரல் இறங்கியதும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காணாமல் போன தம்பியைத் தேடிப் படகோட்டிக்கொண்டு போகிற அக்காவின் கதை. கணவனின் முதுகு படகானது. அவளுடைய துப்பட்டா வெள்ளமானது. பின்னணி இசையையும் வாயாலேயே வாசித்தாள். வில்லன் சிரித்தபோது சின்னவள் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்களில் சிலர் மெல்ல நகர்ந்து வந்து நின்றார்கள். கண்ணாடிப் பெரியவர்கூட, தான் பார்த்த படத்தில் இவ்வளவு இருந்ததா என்ற யோசனையோடு ஓரமாக நின்றார்.

சூப்பர்வைசர் வேகமாக வந்தார்.

தியேட்டர் வாசலிலேயே படத்தைச் சொன்னால் எவன் டிக்கெட் வாங்குவான் என்று சத்தம் போட்டார். படத்தைத் திருடுவது குற்றம், தெரியுமா என்று மிரட்டினார்.

அவள் எழுந்து நின்றாள்.

“திருடினது எங்க சார் இருக்கு? என் தலைக்குள்ளதான் இருக்கு. வேணும்னா சோதனை போட்டுக்கங்க.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“பார்க்கறதுக்கு விலை ஏத்தினீங்க. கொடுத்தேன். சொல்றதுக்கும் ஏத்திட்டீங்களா? நான் வாங்கின டிக்கெட்ல வாயை மூடிக்கணும்னு எங்கயும் போடல. என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லத்தான் செய்வேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, முழுக் கதையையும் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பேன்.”

சூப்பர்வைசர் சுற்றி நின்றவர்கள் மேல் பாய்ந்தார். இங்கே என்ன வேடிக்கை, போய் வரிசையில் நில்லுங்கள் என்று எல்லோரையும் விரட்டினார். கூட்டம் கலைந்தது. கணவன் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் மட்டும் அசையாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஒருமுறை திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னவளுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் நிதானமா சொல்லும்மா” என்றார். “வீட்டுக்குப் போய் என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லணும்.”