மலிவான ரிலீஸ்

மெல்பேர்னின் மேற்கில் ஒரு வில்லுக்கடையின் பின்னறை. வெள்ளை ரியூப் வெளிச்சத்தில் யாக்கோபு வில்லை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். வலது மணிக்கட்டில், நாணைப் பிடித்து விடும் கருவியான ரிலீஸ், கடையிலேயே ஆக மலிவானது, கட்டியிருக்கிறது. அதன் கொளுக்கி நாணைக் கவ்வியிருக்கிறது. விசையில் விரல் பட்டால் அம்பு போய்விடும். விலை கூடியவற்றையெல்லாம் நகைக்கடைக்குள் வந்த ஏழை மாப்பிள்ளைபோலத் தடவிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்தாயிற்று. போன முறை காட்டில் மானைக் கண்ட பதற்றத்தில் விரல் முந்திவிட்டது. வயிற்றில் அம்போடு ஓடிய மானை இருட்டும்வரை தேடியும் காணவில்லை. மாவீர வேட்டைக்காரர் வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதது மனைவி பேர்ளுக்கு மட்டும் தெரியும். அவள் இப்போது பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள்.

"அவசரப்படாதேங்கோப்பா."

"கத்தாதையும். விரலுக்குக் கேட்டிடும்."

மீசையில் வியர்வை. சீனியைக் கண்ட எறும்புபோல விரல் விசையை நோக்கி ஊர்கிறது. அவர் அதை இழுத்து விசைக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.

"மான் இப்ப பின்பக்கம் காட்டுது," என்கிறாள் பேர்ள், எதிர்ச் சுவரில் இருக்கும் வெறும் வட்ட இலக்கைப் பார்த்தபடி. "எய்யாதேங்கோ, திரும்பவும் காயத்தோட ஓடிடும். இறக்குங்கோ."

அவர் மூச்சை அடக்கி, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போகவிடுகிறார். வில் தளர்கிறது. அம்பு நாணிலேயே இருக்கிறது.

எய்யவே இல்லையே, ரிலீஸ் பிடித்திருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் கடைக்காரர்.

"இதையே தாங்கோ," என்று அந்த வெள்ளைக்காரரிடம் தமிழில் சொல்கிறார் யாக்கோபு.