பிஸ்கட்டை நனைக்கலாமா?

சோபாவில் சாய்ந்துகொண்டு, போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எந்த ஜோக்குக்கும் அந்தப் பல்வரிசை முழுதாக வெளியே வந்ததில்லை.

"யாருங்க அது?"

"சும்மா, ஒரு ஃபிரெண்டு" என்று போனைக் கவிழ்த்து வைத்தான். வைத்த விதமே சரியில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். எழுத்து தெரியாமலே தெரிகிற மாதிரி அடித்துவிடுகிறவர்களைக் குரலை வைத்தே பிடித்துவிடுவாள். 'ஃபிரெண்டு'க்குள் அந்தக் குரல் இருந்தது.

அவன் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள். பாஸ்வேர்டு அவளுடைய பிறந்தநாள். திருட்டுத்தனத்திலும் ஒரு விசுவாசம்!

'வெட்டிப் பேச்சு' என்று ஒரு குழு. முன்பின் தெரியாதவர்கள் கூடி, தலையணை ஒன்றா இரண்டா, தூங்கும்போது ஃபேன் வேண்டுமா வேண்டாமா என்று உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே புருஷனுக்குப் பெயர் 'கரகர'. அவனோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பது 'ஆறின டீ' என்று ஓர் ஆசாமி.

"யோவ், டீயில பிஸ்கட்டை நனைக்கிறவன் பல்லு இல்லாதவன்யா" என்று ஆரம்பித்திருந்தது ஆறின டீ.

"போய்யா, நனைக்கலேன்னா அது பிஸ்கட் இல்ல, ஓட்டுச் சில்லு."

"உனக்கெல்லாம் எவன்யா பொண்ணு கொடுத்தான்?"

"உன்னை மாதிரி ஒரு ஏமாளிதான்."

அப்பாடா, பொம்பளை இல்லை! நிம்மதியாகப் போனை வைக்கப் போனவள், ஆறின டீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். காது உடைந்த மஞ்சள் கப். அப்பாவின் கப்!

அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். அம்மா போன பிறகு இவர்களோடு வந்துவிட்டவர். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் மரியாதை என்றால் உங்கள் வீட்டு எங்கள் வீட்டு மரியாதை இல்லை. ஒருவர் ஹாலுக்கு வந்தால் மற்றவர் எழுந்துவிடுவார். 'உட்காருங்க' என்று சொல்ல இருவருக்குமே கூச்சம் என்பதால் இரண்டு பேரும் நின்றுகொண்டே செய்தி பார்ப்பார்கள்.

"மாப்பிள்ளைக்கு ஃபேன் போடணுமான்னு கேளும்மா" என்பார் அப்பா.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாப்பிள்ளை, "மாமாவுக்கு எது சௌகரியமோ அதுன்னு சொல்லு" என்பான். நடுவில் இவள் தபால்காரி.

இத்தனை நாள் அந்தக் கப்பை இவனுக்கு அடையாளம் தெரியவில்லையா? அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் ஒரு திருகு தளர்ந்தால் கீழே நின்றே கண்டுபிடிப்பான். வீட்டில் திரைச்சீலை மாற்றினால்கூடத் தெரியாது. அந்த ரகம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அம்மா போன பிறகு அப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். சமீபமாகத்தான் ஒழுங்காகச் சவரம் செய்துகொள்கிறார், குளிக்கும்போது பாட்டெல்லாம் வருகிறது. அதற்கெல்லாம் காரணம் இந்தக் கரகர. மாப்பிள்ளையையா 'யோவ்' என்றோம் என்று தெரிந்தால் மனுஷன் கூசிக் குறுகிப்போவார். மறுபடி அந்தச் சுவர்தான்.

நினைத்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. ஆறின டீ.

"நாளைக்குச் சாயங்காலம் பூங்காவுக்கு வாய்யா. நனைக்கலாமா கூடாதான்னு நேர்லயே ஒரு கை பார்த்துடுவோம்."

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. போனை இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே ஆரம்பித்தாள். "அப்பா, மழை வர்ற மாதிரி இருக்கு. இன்னிக்கு வெளியே போகாதீங்க."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "வரட்டும்மா, குடை இருக்கு" என்றார் அப்பா.

அவர் கண்ணாடியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். "பழைய கண்ணாடியே போதும்மா" என்று மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புருஷனிடம் போனாள். "பரண் மேல இருக்கிற பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்களேன்."

"வந்து இறக்கறேன். ஒரு லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குதாம், அவசரம்."

இஸ்திரி போட்ட சட்டையில், சென்ட் அடித்துக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற மனிதனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சிக்னலில் மாட்டி, எதிரே வந்த சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கி, பூங்காவுக்குள் நுழைந்தபோது மூச்சு அவளிடம் இல்லை.

மரத்தடியில் ஒரே ஒரு பெஞ்ச். இந்த முனையில் அப்பா, அந்த முனையில் புருஷன், நடுவில் ஒரு ஃபிளாஸ்க்கும் பிரித்த பிஸ்கட் பாக்கெட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு போனில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷன் தட்டி நிறுத்தினான். அப்பா தன் போனைப் பார்த்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அவள் அப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அப்பா, அங்க உட்கார்ந்திருக்கிறது யாருன்னு உங்களுக்கு..."

அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தார்.

"சத்தமாச் சொல்லித் தொலைக்காதேம்மா, அப்புறம் மறுபடியும் மரியாதை கொடுக்கணும்."