படகுக்கு ஒரு குரல்

"வெளியே தேக்கு, பழுப்புப் பாய், அந்தக் காலத்து மரக்கலம் மாதிரி. உள்ளே தானா ஓடுற சுக்கான். படுக்கை ஒன்னே ஒன்னு போதும்" என்றார் பேரின்பநாயகம்.

பாய்மரப் படகு வரைவது மோகனப்பிரியாவின் தொழில். ஒற்றைப் படுக்கை கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"காத்து கூடினா படகே பேசி எச்சரிக்கும், சார். எந்தக் குரல் வைக்கலாம்?"

அவர் கைப்பேசியை நீட்டினார். "என் வைஃப் குரல். இதையே வைங்க."

நூற்றுக்கணக்கான பதிவுகள். 'மழை வருது, ஜன்னலைச் சாத்துங்க.' 'சாப்பிட்டீங்களா?' மோகனப்பிரியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த அம்மா எப்போது தவறினார் என்று கேட்க நா எழவில்லை.

வரைபடம் முடிந்ததும் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த அம்மாவின் படத்துக்குச் சாத்த ஃபேரர் பார்க் பூக்கடையில் மல்லிகைச் சரமும் வாங்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது அதே குரல்.

"வாம்மா, நான் பூரணம். அவரு ரூம்ல இருக்காரு. பூவா? எனக்கா?" வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

மோகனப்பிரியா தட்டுத்தடுமாறிக் குரல் விஷயத்தைச் சொன்னாள். பூரணம் சாத்தியிருந்த அறைக் கதவையே பார்த்தாள்.

"அதெல்லாம் இந்த ஹால்லேருந்து அந்த ரூமுக்கு நான் அனுப்புனதும்மா. ஒன்னுக்கும் பதில் வந்ததில்ல. மனுஷன் கேக்குறதே இல்லைன்னு நெனச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் குனிந்தாள். "படகுல எனக்கு எந்தப் பக்கம் படுக்கை?"

மோகனப்பிரியா அதை அவசரமாகச் சுருட்டினாள்.

"இன்னும் வரைஞ்சு முடிக்கல, ஆன்ட்டி."