வெள்ளைச் சாயம்

குளுட்டாதியோன் ரிடக்டேஸ் என்ற நொதியை வருடத்துக்கு ஓர் ஊசியாகப் போட ஆரம்பித்த பிறகு மதுரையில் யாருக்கும் தலை நரைப்பதில்லை, முகமும் சுருங்குவதில்லை. முட்டி வலி மட்டும் அப்படியே இருந்தது. எழுபத்தைந்து வயது கிஷோர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் ஒருத்தரும் எழுந்து இடம் தருவதில்லை. வயதைச் சொன்னால் சிரித்தார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், மனைவி நிவேதாவுக்குத் தெரியாமல் வெள்ளைச் சாயம் வாங்கித் தலைக்கும் மீசைக்கும் பூசிக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் முதியோர் இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை, எதிரே இரண்டு. நம்ம வயசு ஆட்கள்தான் என்று அவருக்கு ஏக மகிழ்ச்சி.

கண்டக்டர் வந்தார்.

"வெள்ளைத் தலையெல்லாம் எந்திரிங்கடா! காலேஜ் பயலுகளுக்கு முதியோர் சீட்டு கேக்குதா?"

மற்ற மூவரும் அசடு வழிய எழுந்தார்கள்.

"தம்பி, நான் நெசமாவே கெழவன்யா," என்றார் கிஷோர்.

"எல்லாப் பயலும் இதத்தான்டா சொல்றான். எந்திரி!"

முட்டியைப் பிடித்துக்கொண்டு கிஷோர் எழுந்தார். பக்கத்து வெள்ளைத் தலை அவர் தோளில் கைபோட்டது.

"மாப்ள, முக்கிக்கிட்டு எந்திரிச்ச பாரு, செம நடிப்புடா! சாயம் எந்தக் கடையில வாங்குன?"