சுவருக்கு அந்தப் பக்கம்

கலகல, கலகல.

மூன்றாவது நாளாக, இருட்டியதும் அதே சத்தம். முதலில் இடப்பக்கச் சுவருக்கு வெளியே. கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம். ஏதோ ஒன்று வீட்டைச் சுற்றி வருகிறது.

ஆக்சிஜன் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மூக்கில் குழாயோடு தொட்டிலில் கிடந்த கிளமென்ட், யாரோ கூப்பிட்ட மாதிரி அந்தப் பக்கமே தலையைத் திருப்பினான். ஜெபமாலையை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தேன்.

பிறந்து ஏழு மாசம். மூன்று மாசம் முந்திப் பிறந்ததால் நாலு மாசமென்றுதான் கணக்காம். எந்தக் கணக்கில் பார்ப்பதென்றே புரியவில்லை. நுரையீரல் இன்னும் தேறவில்லை. வேலூர் டாக்டர் நிறையச் சொன்னார். 'மூளை' என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை.

புகை ஆகாது என்றது மட்டும் நினைவிருந்தது. விறகடுப்பில் சமைக்கிற யாரையும் உள்ளே விடவில்லை. ஓரகத்தி செந்தாமரை வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. கண் பட்டுவிடுமோ என்று இப்போது அதுவும் சேர்ந்து மனசைக் குடைந்தது.

காட்டுப்பன்னியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என் வீட்டுக்காரர்.

மறுபடி கலகல. கிளமென்ட் மறுபடி திரும்பினான்.

டார்ச்சோடு கதவைத் திறந்தேன். சுவரோரம் செந்தாமரை. கையில் பவுடர் டப்பா. உள்ளே புளியங்கொட்டை.

"இன்னாக்கா பண்றீங்க? எம்புள்ளய விட்டுடுங்க."

அவள் பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வராத, எம்மேல புகை நாத்தம். திரும்பறானா?"

"யாரு?"

"கொழந்ததான். அன்னிக்கு வேலூருக்கு நானுந்தான கூட வந்தேன். டாக்டரு சொல்லச்சொல்ல நீ அழுதுனு இருந்த. சத்தம் கேட்டா ரெண்டு பக்கமும் தலைய திருப்பறானா பாருங்க, திரும்பினா நல்ல சேதின்னாரு. வூட்டாண்ட வந்தா நீ கதவ சாத்திக்கற. அதான் வேலை முடிஞ்சு வந்து இங்கருந்தே ஆட்டறேன். சொல்லேன், திரும்பறானா?"

மூன்று நாளாக நான் நடுங்கியது இதற்கா?

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்க்கா."

டப்பாவை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கக்கா."

"இரு, தலைக்கு ஊத்திக்கினு வர்றேன்."

அந்தக் குளிரில், ஈரத்தலையோடு, துவைத்த புடவையில் வந்தாள். தொட்டிலைக்கூடப் பார்க்காமல், வெளிப்புகை பிள்ளைக்கு ஆகாதென்று, முதலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.